கேன்டீனில் எரிந்த தீவு

புதிதாகச் சேர்ந்த பாதுகாப்பு அதிகாரிகளிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னால் எல்லாரும் ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் சாம்பாரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹெல்மெட்டைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

நான் கடைசியாகப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பைக் காய்ச்சி லாரிகளுக்கான பாகங்கள் அடிக்கிற ஒரு தொழிற்சாலையில். செவ்வாப்பேட்டையில் ரயிலேறி திருவள்ளூரில் இறங்கி, அங்கே நிற்கும் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பேன். பஸ் திருப்பாச்சூரிலிருந்து வரும். நான் ஏறும்போது முன் சீட்டில் ஜன்னலோரம் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். எங்கள் கேன்டீனில் பரிமாறுகிற ரோஸ்மேரி. எல்லாருக்கும் ரோசக்கா. வீட்டுக்காரர் இறந்து பல வருஷம். ஒரே மகன், ஜான்சன். ஐடிஐ முடித்துவிட்டு எங்கள் தொழிற்சாலையிலேயே ஒப்பந்த எலக்ட்ரீஷியனாகச் சில காலம் இருந்தான். பிறகு ஏஜென்சி மூலமாக ஒரு தீவுக்குப் போனான். கடலோரத்தில் பெரிய ஓட்டல், அதில் மின்சாரப் பராமரிப்பு வேலை. எந்தத் தீவு என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. வருஷம் முழுக்க வெயில், தென்னை, வெளிநாட்டுக்காரர்கள் வந்து படுத்துக் கிடக்கிற மணல். அவன் அனுப்பிய படங்களை ரோசக்கா ஒரு தடவை பஸ்ஸில் எனக்குக் காட்டியிருக்கிறார்.

அந்தத் தீவு எரிந்தது.

அன்று காலை பஸ்ஸில் எல்லார் போனிலும் அந்தக் காட்சிதான். மலைச் சரிவிலிருந்து நெருப்பு இறங்கி ஒரு ஊரைத் தின்றுவிட்டுக் கடல்வரை போயிருந்தது. படகுகள்கூட எரிந்திருந்தன. ரோசக்கா எப்போதும் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது ஜான்சன் இருக்கிற தீவு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. செய்தியில் வேறு பெயரைச் சொன்னார்கள். அது எரிந்துபோன ஊரின் பெயர். தீவின் பெயரை நான் பார்த்தது மதியம்தான்.

மதியம் கேன்டீன் டிவியிலும் அதே காட்சி, ஒரே பேச்சு. மின் பிரிவு சூப்பர்வைசர் குமரேசன்தான் நடுவில். நல்ல வேலைக்காரன். குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு.

"காத்து அடிச்சா கம்பம் சாயும். கம்பம் சாஞ்சா கம்பி காஞ்ச புல்லுல உரசும். இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றான்.

எதிரில் இருந்த ஃபிட்டர் பார்த்திபன் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பி உரசி ஊரே எரியுமா? கடலோர இடம்பா. எவனோ நிலத்துக்கோசரம் வெச்சிருக்கான். எழுதி வெச்சிக்கோ."

பக்கத்து மேசையிலிருந்து ஒருவன் போனை நீட்டினான். வானத்திலிருந்து வெளிச்சம் இறங்குகிற மாதிரி ஒரு வீடியோ, அதுதான் தீயை வைத்ததாம். அதற்கு ஒரு கூட்டம் சிரித்தது, ஒரு கூட்டம் சிரிக்கவில்லை. சுற்றுலா வந்தவர்கள் கறி சுட்டுவிட்டு அணைக்காமல் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். விவசாயம் நின்றுபோன நிலமெல்லாம் புல் மண்டிக் கிடந்ததுதான் காரணம் என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது.

குமரேசன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இல்லப்பா, இப்ப போட்டுக்கீறான் பாரு. அங்க ஒரு பெரிய ஓட்டலு. அவங்க லைன்லதான் மொதல்ல பொறி வந்துச்சாம். மெயின்டனன்ஸ் பசங்க ஒழுங்கா வேல செஞ்சிருந்தா இது ஆவுமா? அவனுங்கள புடிச்சி உள்ள போடணும்."

ரோசக்கா வாளியோடு அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பார்த்திபன் மோர் சாதத்துக்கு வந்திருந்தான். அவன் தட்டில் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றினார். அவன் "அக்கா" என்று நிமிர்ந்தான். அவர் காதில் விழவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அந்த இரண்டாவது கரண்டியில்தான் எனக்குப் புரிந்தது. டிவியைப் பார்த்தேன். கீழே ஓடுகிற வரியில் தீவின் பெயர் இருந்தது.

கைகழுவும் இடத்துக்குப் பின்னால் பாத்திரம் துலக்குகிற பக்கம் ஒரு வழி உண்டு. அங்கே அவரை அழைத்துப் போனேன். வாளியைக் கீழே வைக்காமலே நின்றார்.

"அந்த ஊர்தானாம்மா?"

"அதான் சார். நேத்துலருந்து போன் அடிச்சிகினே கீறேன். போவமாட்டேன்து."

"அப்புறம் எதுக்கும்மா வேலைக்கு வந்தீங்க? ஊட்ல இருக்கலாமில்ல?"

"ஊட்ல யாரு சார் கீறாங்க? டிவில இங்கிலீஷ்ல சொல்றான். ஒண்ணும் புரியல. இங்கன்னா இவங்கெல்லாம் அத்தப் பத்திதான் பேசுவாங்கன்னு தெரியும். எதனா காதுல வுழுமேன்னு வந்தேன்."

உள்ளே போய் டிவியை நிறுத்தி, எல்லாரையும் வாயை மூடச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. திரும்பினேன். அவர் புரிந்துகொண்டு, "வாணாம் சார், பேசட்டும்" என்றார். வாளியைக் கை மாற்றிக்கொண்டு, "அந்த ஓட்டல் லைனுன்னு தம்பி சொல்லுதே. அது ஜான்சன் வேலதான சார்? எங்க எது எரிஞ்சாலும் நீங்கதான போய்ப் பாத்து ஏன்னு சொல்லுவீங்க? நீங்க சொல்லுங்க. எம் புள்ளையாலயா?" என்று கேட்டார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் உங்களிடம் பல பேர் பல கேள்வி கேட்பார்கள். முதலாளி கேட்பார், இன்ஸ்பெக்டர் கேட்பார், காப்பீட்டுக்காரர் கேட்பார். அதற்கெல்லாம் பதில் சொல்லப் பழகிவிடுவீர்கள். இப்படி ஒருவர் வாளியோடு நின்று கேட்கும்போது என்ன சொல்வீர்கள்? "அதெல்லாம் இல்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியாத விஷயம். தெரியாததைத் தைரியமாகச் சொல்கிறவர்கள் கேன்டீனுக்குள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "இங்க உக்காந்துகினு யாராலயும் சொல்ல முடியாது. குமரேசனாலயும் முடியாது. இப்ப நமக்கு அந்தக் கேள்வி வேணாம். அவன் எங்க இருக்கான்றத மொதல்ல பாப்போம்."

நான் முதன்முதலில் பார்த்த தீ ஒரு பெயின்ட் கம்பெனியில். முதலாளி வாசலில் நின்று "எவன்டா பண்ணான்" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு மேலே இருந்த அதிகாரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, யாரைக் காணோம் என்று மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார். அன்று உள்ளே மயங்கிக் கிடந்த ஒருவரைத் தூக்கி வந்தது அந்தக் கேள்வியால்தான். பல வருஷம் கழித்து, எரிகிற இடம் எத்தனையோ கடல் தாண்டி இருந்தபோதும், எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"இவங்ககிட்ட சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க சார். மறைச்சி இன்னா ஆவப்போவுது?"

உள்ளே போய்ச் சொன்னேன். குமரேசனின் கை சாதத்திலேயே நின்றுவிட்டது. அவன் எழுந்து, கை கழுவாமலே ரோசக்காவிடம் வந்தான்.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா..."

"நீ இன்னா பண்ணுவ. ஒரு ஓட்டல்னு சொன்னியே, அது பேரு இன்னான்னு பாத்துச் சொல்லு" என்றார் ரோசக்கா.

பார்த்துச் சொன்னான். ஜான்சன் வேலை செய்த அதே ஓட்டல்தான்.

அதற்கப்புறம் அந்தக் கேன்டீனில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் போல இருக்கிறது. காரணம் பேசிய அதே வாய்கள்தான். பார்த்திபன் ஏஜென்சியைக் கூப்பிட்டான். அவர்கள் எடுக்காததால் மேனேஜரிடம் சொல்லிவிட்டு பைக்கில் சென்னைக்கே கிளம்பினான். வானத்து வெளிச்சம் காட்டிய பையன், அந்தத் தீவில் வேலை பார்க்கிற தமிழ் ஆட்களின் வாட்ஸப் குழு ஒன்றை எப்படியோ பிடித்தான். குமரேசன் போனில் வரைபடத்தைத் திறந்து மேசைமேல் வைத்தான். ஓட்டல் இங்கே. மலை இங்கே. ஊருக்குள் போகிற சாலை ஒன்றே ஒன்று, அது அடைபட்டிருக்கும். "அப்போ கடல்தான் சார் வழி. தப்பிச்சவங்கெல்லாம் தண்ணில எறங்கி நின்னாங்கன்னு போட்டுக்கீறான்" என்றான்.

ரோசக்கா வரைபடத்தைப் பார்க்கவில்லை. "அவன் தண்ணில எறங்க மாட்டான்" என்றார். "சின்னதுல அவன் கண்ணெதிர்ல அவன் கூட்டாளி பூண்டி ஏரில முழுகிப் போயிட்டான். அதுலருந்து கொளத்துல காலுகூட வெக்க மாட்டான்."

குமரேசன் வரைபடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினான், வேறு ஏதாவது சாலை இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ரோசக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். திருவள்ளூரில் நான் இறங்கவில்லை. திருப்பாச்சூர்வரை போய், அவரை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சர்ச்சுக்காரப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளும் அவர் வேலைக்கு வந்தார். அடுப்பு வேலைக்குத்தான் விட்டார்கள், பரிமாற விடவில்லை. மதியம் அந்த வாட்ஸப் குழுவிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. வானத்து வெளிச்சப் பையன் ஓடிவந்து போனை அவர் காதில் வைத்தான். இரைச்சலுக்கு நடுவில் ஜான்சன் குரல். "அம்மா, நான்தான். நல்லாக்கீறேன். போன் எரிஞ்சிபோச்சி. இது வேறொருத்தர் போனு. அப்புறமா பேசறேன்." அவ்வளவுதான். ரோசக்கா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு அரிசி உலை கொதிக்கிறது என்று எழுந்து போனார். அடுப்பு முன்னால் நின்றுதான் அழுதார்.

அவன் தண்ணீரில் இறங்கித்தான் தப்பித்திருந்தான். கழுத்தளவு நீரில், ஒரு மிதவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டிய அவசியம் இருந்திருக்காது. பையன் பிழைத்தான். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. ஓட்டல் போய்விட்டது, வேலை போய்விட்டது, ஏஜென்சி டிக்கெட் தருகிறது. அப்படியும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு பேச்சு நின்றுவிடும். கிறிஸ்துமஸுக்கு வருவான் என்று ரோசக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார். வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்து பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், அவன் எங்கிட்ட எதையோ சொல்லமாட்டேன்றான். நீங்க கேளுங்க. உங்ககிட்ட சொல்லுவான்."

ஜான்சனைப் போனில் கூப்பிட்டேன். அவனுக்குப் பேசவேண்டும் போலத்தான் இருந்திருக்கிறது. நான் கேட்டதும் கொட்டிவிட்டான்.

"சார், அங்க காத்து ரொம்ப ஜாஸ்தி. எங்க கேட்டுக்கிட்ட ரோட்டு மேல லைன் அறுந்து வுழுந்துச்சி. எங்க ஓட்டல் லைனு. அது வழியாத்தான் சனம் ஓடிகினு இருந்துச்சி. நான் மெயின ஆஃப் பண்ணேன் சார். தண்ணி பம்ப்பும் அதே லைன்லதான். நின்னுபோச்சி. டீசல் பம்ப்பு ஒண்ணு கீது. அது ஸ்டார்ட் ஆவல. ஸ்டார்ட் பண்ணப் போனவரும் திரும்பி வரல சார். என்கூட வேல செஞ்ச பெரியவரு. அந்த ஊர்க்காரரு. நான் ஆஃப் பண்ணதாலதான் தண்ணி நின்னுச்சி, ஓட்டலு எரிஞ்சுதுன்னு சொல்றாங்க. விசாரணையில என்னியும் கூப்ட்டாங்க."

இந்த இடத்தில் நான் பாதுகாப்பு அதிகாரியாகப் பேசவேண்டுமா, அவன் அப்பா ஸ்தானத்தில் பேசவேண்டுமா என்று எனக்குக் குழப்பம் வந்தது. தெரிந்த வேலையைச் செய்வோம் என்று முடிவு செய்தேன்.

"ஜான்சா, ஆஃப் பண்றதுக்கு முன்னாடி நீ இன்னா பாத்த? பாத்தத மட்டும் சொல்லு."

"கம்பி ரோட்ல கெடந்துது. பொறி பறந்துது. ஒரு பொம்பள கொழந்தையத் தூக்கிகினு அது பக்கத்துல வந்துகினு இருந்துச்சி."

"அப்போ நெருப்பு எங்க?"

"மேல, மலையில. ஓட்டல்கிட்ட இன்னும் வரல."

"டீசல் பம்ப்பு ஸ்டார்ட் ஆவாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். போன வாரம்கூட ஓடிச்சி."

"அவ்ளோதான். அன்னிக்கு அந்த எடத்துல நின்னவனுக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். இன்னிக்குத் தெரிஞ்சத வெச்சிகினு அவன நீ கேள்வி கேக்காத. விசாரணையிலயும் இத்தத்தான் சொல்லு. ஒண்ணு கூட்டாத, ஒண்ணு கொறைக்காத."

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். விபத்து முடிந்த பிறகு எல்லாருக்கும் எல்லாம் தெளிவாகத் தெரியும். சுவிட்சில் கை வைத்தவனுக்கு அப்போது தெரிந்தது கொஞ்சம்தான். நீங்கள் விசாரிக்கப் போகும்போது அந்தக் கொஞ்சத்துக்குள் போய் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு காரணம் எழுதுங்கள்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு, "சரி சார். ஆனா அவரு ஊட்ல இன்னும் தேடிகினு கீறாங்க சார். ஒண்ணும் கெடைக்கல. தெனம் அவரு சம்சாரம் அந்தச் சாம்பல்ல வந்து நிக்கறாங்க. நான் பாட்டுக்குக் கெளம்பி எங்கம்மாகிட்ட வந்து எப்படி சார் உக்காறது?" என்றான்.

மறுநாள் பஸ்ஸில் ரோசக்காவிடம் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெங்கல் ஊரைத் தாண்டிய பிறகு, "அந்தம்மா பாவம். அவன் கூட இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு எந்தப் பண்டிகைக்கும் அவன் வருவானா என்று என்னைக் கேட்கவில்லை. ஆனால் பஸ் திருவள்ளூர் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம், பெட்டியோடு இறங்கி வருகிறவர்களைக் கடைசி ஆள் போகும்வரை பார்ப்பார்.

விசாரணை முடிவை குமரேசன்தான் கேன்டீனுக்குக் கொண்டுவந்தான். காற்று, புல், பழைய கம்பங்கள், ஒரே சாலை, ஒலிக்காத எச்சரிக்கை மணி என்று எத்தனையோ காரணங்களை வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். பம்ப்புக்குத் தனி இணைப்பு வைக்காமல் விட்டது தவறு, மின்சாரத்தை நிறுத்தியது தவறல்ல என்று ஒரு இடத்தில் இருந்தது. அதைக் குமரேசன் ரோசக்காவுக்குத் தமிழில் இரண்டு தடவை படித்துக் காட்டினான். பிறகு என்னிடம் வந்து, "சார், நம்ம தீயணைப்பு பம்ப்பு எதுல ஓடுது?" என்று கேட்டான். இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். எங்களுடையதும் பொது மெயினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதமே தனி இணைப்புக்கு மாற்றினோம். ஊரெல்லாம் பேசிய பேச்சுக்கு எங்கள் பக்கத்தில் விளைந்த ஒரே பலன் அதுதான். அந்த ஒன்று போதும்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் ஜான்சன் வந்தான். அந்தப் பெரியவரை அடக்கம் செய்ய எலும்பு ஏதோ கொஞ்சம் கிடைத்திருந்தது. அதை முடித்துவிட்டு வந்தான். ரோசக்கா போன் செய்து, "சார், வந்துட்டான். வாங்க" என்றார்.

திருப்பாச்சூருக்குப் போனேன். மெலிந்திருந்தான். ஒரு காதின் ஓரம் தீ பட்டுச் சுருங்கிப் போயிருந்தது. எழுந்து கையைப் பிடித்துக்கொண்டான். காபி குடித்தோம். தீவைப் பற்றி யாரும் பேசவில்லை. சாயங்காலம் ஆகும்போது ரோசக்கா லைட்டைப் போட்டார். அது விட்டுவிட்டு எரிந்தது. வெளியே ஓட்டுக் கூரை விளிம்பில் ஒயர் இணைப்பு தளர்ந்து கிடந்தது. பல மாதமாக அப்படித்தானாம்.

"நான் பாக்கறேம்மா" என்று ஜான்சன் எழுந்தான். ஸ்டூலை எடுத்து வெளியே போட்டான். டெஸ்டரை எடுத்துக்கொண்டான். கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றான். கையைத் தூக்கினான். கை அதற்கு மேல் போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். அப்படியும் போகவில்லை.

ரோசக்கா எழுந்தார். பக்கத்தில் போய், அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, தானே மெயினை நிறுத்தினார். "போ, பாரு" என்றார்.

அவன் ஸ்டூலில் ஏறினான். அவர் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அவன் இறங்கினான். அவர் மெயினைப் போடப் போகவில்லை, அவனும் சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெரியவர் பெயர் என்ன என்று ரோசக்கா முதல் தடவையாகக் கேட்டார். அவன் சொன்னான். அவருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன சாப்பிடுவார், எப்படிச் சிரிப்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் சொல்லத் தொடங்கினான்.

நான் சொல்லாமல் கிளம்பினேன். தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன். அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்தது. அந்த ஒரு வீடு மட்டும் இருட்டில் பேசிக்கொண்டிருந்தது.